இன்னும் எவ்வளவு பாக்கி?

"உங்கள் பக்கத்தில் நல்ல பிள்ளை ஒன்று இருந்தால் பார்த்துச் சொல்லுங்களேன்."

கல்யாண வீட்டுப் பந்தியிலும், கோயில் மண்டபத்திலும், புகைவண்டிப் பயணத்திலும் இந்த வார்த்தை நம் காதில் விழுந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. கேட்பவர்கள் மகனுக்குப் பெண் தேடவில்லை. வீட்டு வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். ஹற்றன் பகுதியிலே நாம் ஆசிரியத் தொழில் பார்க்கிறோம் என்று தெரிந்த மாத்திரத்தில், "அங்கே தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய இருப்பார்களே!" என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். இப்படிக் கேட்கிறவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நமக்கு நா எழாது. படித்தவர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவர்கள், வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பாதவர்கள். ஆகவேதான் இந்த வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம். கொடியவர் செய்யும் கொடுமையைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர். நல்லவர் வீட்டு அடுக்களையில் நடப்பதைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே.

அதற்கு முன் பழைய கதை ஒன்றைச் சொல்லவேண்டும். நேயர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்பார்களாக.

மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கியது 1820ஆம் ஆண்டுகளில். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர், தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோப்பிக்கும் தேயிலைக்கும் வேண்டிய கைகள் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தன. ஊரிலே பஞ்சமும், சாதிக் கொடுமையும், பண்ணைக் கடனும் பின்னே நின்று தள்ளின. முன்னே நின்று இழுத்தவர் கங்காணி. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர் ஆசை காட்டியதாக மலையகத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அப்படி நம்பி வந்தவர்கள் ஆரம்ப காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர்.

ஆசை வார்த்தையோடு கங்காணி கொடுத்தது முன்பணம். பயணச் செலவுக்கு, ஊர்க்கடன் தீர்க்க, குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டு வர என்று அது தொடங்கும். தோட்டத்தில் கால் வைத்த அன்றே தொழிலாளி கடனாளி. துரையிடம் பெரிய கங்காணி வாங்கும் பணம் ஒரு கணக்கு. தொழிலாளிக்குக் கங்காணி கொடுக்கும் பணம் மற்றொரு கணக்கு. இரண்டும் எவ்வளவு என்று தொழிலாளிக்குத் தெரியாது. ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசும் உண்டு.

இதன் உச்சம்தான் 'துண்டு' முறை. ஒரு தோட்டத்தின் துரை ஒரு துண்டுக் காகிதத்திலே, இன்ன கங்காணியையும் அவருடைய ஆட்களையும் இத்தனை ரூபாய் கட்டினால் விடுவிக்கத் தயார் என்று எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந் தோட்டமாகப் போவார். எந்தத் துரை அந்தத் தொகையைக் கட்டுகிறாரோ, அவருடைய தோட்டத்துக்கு ஆட்கள் அனைவரும் கடனோடு சேர்ந்து கைமாறுவர். புதிய துரை மேற்கொண்டும் முன்பணம் கொடுப்பார். கடன் இன்னும் ஏறும். தோட்டத்தை விட்டு ஓடினால் என்ன என்று கேட்கலாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடங் கொடுத்திருந்தது.

இக்கொடுமையை எதிர்த்துக் குரல் எழுப்பியோர் நம் நன்றிக்கு உரியவர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை நிறுவி, சிறைத் தண்டனைச் சட்டத்தை நீக்கும்படி வாதாடினார். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியைப்போல வேடம் புனைந்து தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பர். பின்னாளில் அவர் மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் தட்டி எழுப்பினார். 1921ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. சிறைத் தண்டனைப் பிரிவுகளும் அக்காலத்திலேயே நீங்கின.

துண்டு கிழிந்தது. அத்துடன் விஷயம் முடிந்ததா?

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் நம் மனத்தில் ஓர் எண்ணம் ஓடும். திருமணப் பந்தரிலே முதியவர் ஒருவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ" என்கிறார். சுந்தரர் வெகுண்டு அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவரோ, கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூரிலே அவை கூடுகிறது, ஓலை வாசிக்கப்படுகிறது, பாட்டனாரின் கையெழுத்து ஒப்பு நோக்கப்படுகிறது. அங்கே ஆட்கொண்டவன் இறைவன். ஆகவே அந்த அடிமைத்தனம் விடுதலையாயிற்று. மனிதன் மனிதனை அடிமை கொள்ளும்போது அப்படி ஆவதில்லை. இறைவனே வந்தும் அவையிலே ஓலையைக் காட்டினான். மலைநாட்டுத் தொழிலாளிக்கு அவன் பெயரில் இருந்த கணக்கை வாசித்துக் காட்டியவர் யார்? 1921இல் கிழிந்ததும் படியோலை மாத்திரமே என்று நாம் அஞ்சுகிறோம். மூல ஓலை இன்னும் நம் கைகளில் இருக்கிறது. நமக்கு அது தெரிய வந்த விதத்தை, வெட்கத்தோடு, இங்கே எழுதுகிறோம்.

பத்தாண்டுகளுக்கு முன்பு நடந்தது. நம் சிற்றன்னையின் மகள் கொழும்பில் வாழ்கிறாள். கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்ப்பவர்கள், வீட்டிலே கைக்குழந்தை. "அண்ணா, சமையலுக்கு வேண்டாம். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்க ஒரு பிள்ளை இருந்தால் போதும்" என்று கேட்டாள். நம் வீட்டுக்கு வாரந்தோறும் மரக்கறி கொண்டுவரும் ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தோம். அதன் பின் அதை மறந்தும் போனோம்.

மூன்று வாரத்தில் ஒரு பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டாள். வயது பதின்மூன்று. தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை கவ்வாத்து வெட்டுபவர். தீபாவளி நெருங்கிய சமயம். கடையிலே பற்று ஏறியிருந்தது. தந்தையின் கையில் 20,000 ரூபாய் முன்பணமாகக் கொடுக்கப்பட்டது. மாதச் சம்பளம் 4,000 ரூபாய் என்று பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்கள் என்று மரக்கறிக்காரர் தாமாகவே ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் மாலை ஹற்றன் பஸ் நிலையத்திலே ஒரு பெண்பிள்ளை நம்மை நோக்கி வந்தாள். பாட்டியின் கருமாதிக்காக வந்தவள், மறுநாள் கொழும்புக்குத் திரும்ப வேண்டியவள். நம்மை அவளுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள்:

"சேர், எங்க அப்பா வாங்கின காசுல இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?"

நம்மிடம் விடை இல்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. அவளை ஒரு வாரம் நிற்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறன்று அவர்களுடைய லயத்துக்குப் போனோம். தந்தையை விசாரித்தோம், தங்கையிடம் தொலைபேசியில் கேட்டோம், மரக்கறிக்காரரையும் வரவழைத்தோம். ஒரு கொப்பித் தாளை எடுத்துக் கணக்கெழுதினோம்.

முன்பணம் 20,000 ரூபாய் ஐந்து மாத வேலையில் தீர்ந்துவிட்டது. எஞ்சிய 19 மாதங்களுக்கும் தங்கை மாதம் தவறாமல் 4,000 ரூபாய் வீதம் 76,000 ரூபாயை மரக்கறிக்காரரிடம் சேர்ப்பித்திருக்கிறாள். அவர் தந்தையிடம் இரண்டாயிரமும் மூவாயிரமுமாகக் கொடுத்தது மொத்தம் 31,000 ரூபாய். எஞ்சிய 45,000 ரூபாய் அவரிடமே தங்கிவிட்டது. அதனினும் கொடியது வேறொன்று. கொடுத்த ஒவ்வொரு தடவையும், "இது மேற்கொண்டு முன்பணம்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆகவே தந்தையின் மனக்கணக்கில் 20,000 ரூபாய்க் கடன் 51,000 ரூபாயாக வளர்ந்து நின்றது. மகளைத் திருப்பி அழைத்தால் அவ்வளவையும் கட்டவேண்டி வருமே என்று அந்த மனிதர் பயந்துகொண்டிருந்தார். பிள்ளை வேலை செய்யச் செய்யக் கடன் ஏறியது! உழைத்த கூலியையே கடனாகக் கொடுக்கும் இந்த வித்தையைத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் 'துண்டு' என்றார்கள்.

"நாங்கள் ஒரு மாதமும் தவறவில்லையே, அண்ணா!" என்றாள் தங்கை. உண்மைதான். "அந்தப் பிள்ளையிடம் ஒருநாளாவது அவளுடைய சம்பளக் கணக்கைச் சொன்னாயா?" என்று கேட்டோம். "சின்னப் பிள்ளைக்கு எதற்குக் கணக்கு என்று இருந்துவிட்டேன்" என்றாள். பிள்ளையை யாரும் அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. அடுக்களைத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். எல்லோரும் உண்ட பின் உண்டாள். குழந்தையோடு விளையாடப் போனவள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வீடு கூட்டினாள். இரண்டு ஆண்டில் ஒரு புத்தகத்தைத் தொடவில்லை. அடிக்கவில்லை என்பதையே பெரிய தருமமாக நாம் எண்ணி வந்திருக்கிறோம்.

தங்கை அழுதாள். 45,000 ரூபாயையும் தாயின் பெயரில் வங்கியிலே போட்டாள். பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்த்தோம். தன்னிலும் இரண்டு வயது இளைய பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க நாணி, ஒரு தவணை முடிவதற்குள் நின்றுவிட்டாள். மரக்கறிக்காரர் நம் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டார். நாம் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. உறவினர் பெயரும் நம் பெயரும் கெடுமே என்று அஞ்சினோம். அவர் அதன்பின் எத்தனை வீடுகளுக்குப் பிள்ளை பிடித்துக் கொடுத்தாரோ! அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஒரு வார்த்தை சொல்லி வைத்த அன்றே நாமும் ஒரு தரகர் ஆனோம்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நேயர்கள் அறிந்திருக்கவேண்டும். தண்டனைச் சட்டக்கோவையிலே 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 360சி பிரிவு ஆட்கடத்தலைக் குற்றமாக்குகிறது. ஆட்கடத்தல் என்றதும் இருட்டு வேளையில் வாயைக் கட்டித் தூக்கிச் செல்வதே நம் நினைவுக்கு வரும். சட்டத்தின் பார்வை அவ்வளவு குறுகியதன்று. கட்டாய உழைப்புக்கென ஒரு பிள்ளையைச் சேர்த்து விடுவதும், கூட்டிச் செல்வதும், வைத்திருப்பதும் அதற்குள் அடங்கும். பிள்ளை சம்மதித்தாள் என்ற வாதம் அங்கே செல்லாது. வேலைக்கு அமர்த்தக்கூடிய வயதெல்லை முன்னர் 14 ஆக இருந்தது. 2021இல் அது 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினாறு வயதுவரை பள்ளிக்கல்வியும் கட்டாயமாகும்.

அதே 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான், மலையகத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்திருந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு மருத்துவமனையில் உயிர் நீத்தாள். நாடே துடித்தது. வீதிகளில் ஊர்வலங்கள் நடந்தன. ஆயினும் அந்த வாரத்திலே எத்தனை வீடுகளில், செய்தித்தாளைப் படித்துப் பெருமூச்சு விட்டவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தவள் இன்னொரு தோட்டத்துப் பிள்ளையாக இருந்திருப்பாள் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

வறுமை இல்லாமல் தரகருக்கு வேலை இல்லை. நாளொன்றுக்கு 1,000 ரூபாய்ச் சம்பளம் என்பது பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இல்தான் சம்பளச் சபையால் நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் குறித்த கிலோக் கொழுந்து நிறையாவிட்டால் 'அரைப் பேர்' போடும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. இந்த வருவாயில் குடும்பம் ஓடாதபோது தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போகின்றனர். அங்கும் இதே கதைதான். வீட்டுக்குக் கொடுக்கும் முன்பணம், முகவரின் இனிய சொல், போய் இறங்கியதும் எசமானர் வாங்கி வைத்துக்கொள்ளும் கடவுச்சீட்டு. சுற்றுலா விசாவிலே ஓமான் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் பட்ட அவதி 2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. அக்கரையில் நடந்தால் அதை அடிமைத்தனம் என்கிறோம். நம் அடுக்களையில் நடந்தால் 'ஒத்தாசைக்கு ஒரு பிள்ளை' என்கிறோம்.

உலகம் முழுவதிலும் கட்டாய உழைப்பிலே சிக்கியோர் 2021ஆம் ஆண்டில் 2 கோடியே 76 இலட்சம் பேர் என்றும், அவர்களில் 33 இலட்சம் பேர் சிறுவர் என்றும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. இவ்வளவு பேரும் எங்கோ இருட்டறைகளில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. கதவைத் திறந்துவிடுகிறவளாகவும், கடையில் கோப்பை கழுவுகிறவனாகவும், திருமண மண்டபத்தில் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு ஒதுங்கி நிற்கிறவளாகவும் அவர்களில் சிலரை நாம் தினந்தோறும் பார்க்கிறோம்.

என்ன செய்யலாம் என்று கேட்போருக்கு, அந்தக் கொப்பித் தாள் நமக்குக் கற்றுக்கொடுத்த சில கேள்விகளைச் சொல்கிறோம். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வேலைக்கு ஒருவர் இருந்தால், பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு வயது என்ன? பதினாறுக்குக் கீழாயின் மேலே கேட்க ஒன்றுமில்லை. பிள்ளையை வீட்டுக்கும் பள்ளிக்கும் அனுப்புவதே கடமை. வயது வந்தவராயின், சம்பளம் யார் கைக்குப் போகிறது? அவருடைய அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது? தாயோடு தனியே பேச முடிகிறதா? "நான் போகிறேன்" என்று சொன்னால் அன்றே போக முடியுமா? முன்பணம் வாங்கியிருந்தால் மீதி எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமா? கடைசிக் கேள்விக்கு "தெரியாது" என்பது விடையானால், அந்த வீட்டிலே துண்டு இன்னும் கிழியவில்லை என்று கொள்க.

மாணவர்களுக்கும் ஒரு சொல். தீபாவளி விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும்போது, உங்கள் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தால், 'அவள் நின்றுவிட்டாள்' என்று விட்டுவிடாதீர்கள். எங்கே போனாள், யாரோடு போனாள் என்று கேளுங்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். இடாப்பிலே தொடர்ந்து வரும் வரவின்மைக் குறிகளுக்குப் பின்னால் ஒரு பஸ் பயணம் இருக்கக்கூடும். 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் முறையிடலாம். நாம் அன்று அழைக்கத் தவறிய இலக்கம் அது.

அந்தப் பிள்ளை இப்போது இருபது வயது கடந்தவள்; நகரத்திலே ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். சென்ற மாதம் கடைக்குப் போயிருந்தபோது நமக்கு விற்பனைச் சீட்டு எழுதித் தந்தாள். தொகையைக் கூட்டி, மறுபடியும் ஒருமுறை கீழிருந்து மேலாகச் சரிபார்த்து, மீதிச் சில்லறையை எண்ணி நம் கையில் வைத்தாள். "சரியா இருக்கா, பாத்துக்குங்க சேர்" என்றாள்.

சரியாக இருந்தது. நம்முடைய கணக்குத்தான் இன்னும் நேராகவில்லை. இனி யாராவது நம்மிடம் "நல்ல பிள்ளை ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், இந்தக் கட்டுரையை எடுத்து அவர் கையில் கொடுப்பதாக இருக்கிறோம். நேயர்களும் அவ்வாறே செய்வார்களாக.